எஃப்சிக்கு இன்னும் பத்தொன்பது நாள்

கண்ணு,

நீ போனை வைத்து மூன்று நாள் ஆகிறது. இந்த மூன்று நாளில் நான் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு டீயை முழுசாகக் குடிக்கவில்லை. இதை எழுத ஆரம்பித்த பிறகே இரண்டு முறை எழுந்து போய்விட்டேன். ஒருமுறை அடுப்பைப் பார்க்க, ஒருமுறை வாசலைப் பார்க்க. வாசலில் உன் நைனா காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நேற்றும் கழுவினார், முந்தாநாளும் கழுவினார். காரில் சேறும் இல்லை, தூசியும் இல்லை. டச்சுக்காரன் கல்லறை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் சவாரிக்குக் கேட்டும், "வேற வண்டி பாருங்க" என்று அனுப்பிவிட்டார். உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று நீ பேசும்போது நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் நைனா எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்தன்னிக்கு நைனா கார எடுக்க வேணாம்மா. பொண்ணு வீட்டுக்காரங்கள கூட்டிக்கினு வர்றதுக்கு வேற வண்டி சொல்லிடலாம். எதுக்கு ரிஸ்க்கு?" என்றாய். அவர் தலையை நிமிர்த்தவில்லை. தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்ல வராது. நீ "உம்" கொட்டுகிற சத்தத்திலேயே நான் பாதியை மாற்றிவிடுவேன், எனக்கு வசதியானபடி. என் சுபாவம் அது. நீ ஆறாவது படிக்கும்போது உடம்பெல்லாம் பொரிப் பொரியாக வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வேர்க்குரு என்று சொல்லி உன்னைப் பரீட்சைக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்குள் உனக்குக் காய்ச்சல் கொதித்தது. அம்மை. உன் நைனா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் உன் முதுகைப் பார்த்தபோதே எனக்குப் பாதி தெரியும். ஆனால் வேர்க்குரு என்று நினைத்துக்கொள்வது அன்றைக்கு எனக்குத் தோதாக இருந்தது, என் வியாபாரத்துக்கு வலை முழுக்க இறால் வந்திருந்த நாள் அது. எதைப் பார்த்தாலும் எனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வேன். நான் சொல்லப்போகிற பெரிய தப்பும் அதே ஜாதிதான்.

நீ சென்னையில் டிப்ளமோ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். மார்கழி மாசம். அப்போது நம்மிடம் இருந்தது அந்தப் பழைய வெள்ளைக் கார், வாடகை வண்டி. வாடகை வண்டியை வருஷா வருஷம் எஃப்சிக்குக் காட்ட வேண்டும், ஓட்டுகிற நிலையில் இருக்கிறதா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நம் காருக்குத் தை மாசத்தில்தான் கெடு. பொங்கல் நேரத்தில் கூட்டமாக இருக்கும், முன்னாடியே காட்டிவிடலாம் என்று உன் நைனா மூன்று வாரம் இருக்கும்போதே கொண்டுபோனார். எதையும் முன்கூட்டியே செய்கிற மனுஷன். அந்த நல்ல பழக்கம்தான் அந்த வருஷம் எங்களுக்கு வினையாக வந்து நின்றது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுகூடப் பொய்தான்.

மத்தியானம் திரும்பி வந்தவர் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். "திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார். இன்ஸ்பெக்டர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாராம். பிரேக் எண்ணெய் போகிற பைப்பைக் கையால் தேய்த்ததும் துரு செதில் செதிலாக உதிர்ந்ததாம். ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. "இன்னாய்யா, கடல் தண்ணியிலயா வண்டி ஓட்டுற?" என்று கேட்டிருக்கிறார். "பைப்பு மாத்திட்டு எடுத்துக்கினு வா. அதுவரைக்கும் ஆளுங்கள ஏத்தாத" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கடல் தண்ணீர் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான். பொன்னேரி மார்க்கெட்டுக்கு நான் அனுப்புகிற இறால் பெட்டிகள் அந்தக் கார் டிக்கியில்தான் போகும். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் வழி முழுக்க ஒழுகும். "டிக்கியில வெக்காதமே, அடி அரிச்சிடும்" என்று அவர் எத்தனையோ தடவை சொன்னார். ஷேர் ஆட்டோவில் அனுப்பினால் பெட்டி நசுங்குகிறது என்று நான் கேட்கவில்லை.

பொன்னேரி மெக்கானிக் மாலை போட்டிருந்தான். சபரிமலைக்குப் போனவன் திரும்ப நாலைந்து நாள் ஆகும். அவன் வந்து புதுப் பைப்பு போடும்வரை வண்டியைத் தொடுவதில்லை என்று சொல்லி உன் நைனா காரை வீட்டோரம் நிறுத்திப் படுதா போட்டு மூடினார். சாவியை ஆணியில் மாட்டினார். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் சுண்ணாம்புக்குளத்தில் உன் மாமன் மகளுக்கு வளைகாப்பு. விட்டால் மாசம் தாண்டிவிடும் என்று மார்கழியிலேயே வைத்துவிட்டார்கள். சீர்த்தட்டோடு நான் போக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் அங்கே ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, காருக்குச் சவாரி இருந்ததால் நான் பாத்திரம் பண்டத்தோடு பஸ்ஸில் போய் இறங்கினேன். உன் அத்தை பத்துப் பேர் நடுவில், "கார் வெச்சிருக்காங்கன்னு பேரு, பஸ்ஸுலதான் வந்து எறங்குறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அது உள்ளேயே கிடந்தது. உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் காரணம் அதுதான், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. யாருக்கும் உயிர் போகிற அவசரம் இல்லை. என் அண்ணி வாசலில் நான் காரில் போய் இறங்க வேண்டும்.

"பஸ்ஸுல போலாம். இல்லாட்டி ஆட்டோ சொல்றேன்" என்றார். நான் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்து நாளை எண்ணினேன். "பழைய எஃப்சி முடிய இன்னும் பத்தொம்போது நாள் இருக்குதுய்யா. எளாவூர் செக்போஸ்ட்டுல நிறுத்துனாலும் பேப்பர் கீது. அப்பறம் இன்னா?"

"பேப்பர் கீதுமே. பைப்பு கீதா? அந்தாளு என் கண்ணு முன்னாடி தேச்சாரு, தூள் தூளா கொட்டுச்சு."

"முந்தாநேத்து பொன்னேரியிலேர்ந்து அதுலதான வந்த? புடிக்காமயா வந்த?"

"ரெண்டாவது கியர்ல உருட்டிக்கினு வந்தேன்."

"அப்ப இன்னிக்கும் உருட்டிக்கினு போ."

சட்டப்படி அப்படி ஓட்டலாமா கூடாதா என்பது எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவும் இல்லை. என் கையில் ஒரு தேதி இருந்தது, அது எனக்குப் போதுமாக இருந்தது. அவர் மறுபடி மறுபடி முடியாது என்றார். நான் சாவியை எடுத்து அவர் மடியில் போட்டேன். "தெரு வரைக்கும் ஓட்டிப் பாரு, புடிக்கலன்னா நானே பஸ்ஸுக்குப் போறேன்" என்றேன். ஓட்டிப் பார்த்தார். பிடித்தது. "பாத்தியா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அலுத்துப்போன பார்வை அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏறு" என்றார்.

நம் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பாலத்தில் ஏறும்வரை நன்றாகத்தான் போனது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் உச்சியிலிருந்து பழவேற்காடு பக்கம் இறங்கும்போது எதிரில் ஒரு ஷேர் ஆட்டோ, ஓரமாக நடக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டு நம் பக்கமாக வந்துவிட்டது. உன் நைனா அழுத்தி மிதித்தார். மிதித்த கால் அப்படியே தரைவரை போனது. "புடிக்கல" என்று சொன்னார், சத்தம்கூடப் போடவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், அது வெறுமனே மேலே வந்தது. கியரைக் குறைத்து, ஹாரனை விடாமல் அழுத்தி, பிள்ளைகள் பக்கம் போகாமல் இடது பக்கமாக ஒடித்தார். அந்தப் பக்கம் பாலம் இறங்குகிற ஓரத்தில் பெண்கள் வழக்கம்போல உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எழுந்து ஓடினார்கள். கோவிந்தம்மாவும் எழுந்துவிட்டாள். எழுந்தவள் தன் கூடையை இழுக்கத் திரும்பக் குனிந்தாள்.

உனக்குக் கோவிந்தம்மா பெரிம்மாவை நன்றாகத் தெரியும். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். வலை கிடையாது, படகு கிடையாது, இரண்டு கைதான். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அவள் இறால் கொடுக்க ஆரம்பித்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அவள் வலது கைமேல் சக்கரம் ஏறியது. பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஏரியில் இறங்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது இனிமேல்தான்.

போலீஸ்காரர் வந்து கேட்டார். "எஃப்சியில திருப்பி அனுப்புன வண்டியாமே. யாரு எடுக்கச் சொன்னது?" உன் நைனா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரும் சொல்லல சார். நான்தான் எடுத்தேன்" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சீர்த்தட்டு இன்னும் என் கையிலேயே இருந்தது, வளையல் ஒன்றுகூட உடையவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் அது உண்மையாகக்கூட இருக்கலாம். மறுநாள் என்ன? அடுத்த மாசம் என்ன? நான் எண்ணி வைத்திருந்த அந்தத் தேதி கேஸில் உதவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சான்று காலாவதி ஆகவில்லை என்பதைக் காட்டித்தான் வக்கீல் பேசினார். வக்கீல் ஆபீஸ் வாசலில் அதைக் கேட்டபோது, நான் சொன்னது சரிதானே என்று ஒரு நிமிஷம் எனக்குள் தோன்றியது. ஒரே ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துக்காக இன்றுவரை எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

நீ சென்னையிலிருந்து வந்தாய். குப்பம் முழுக்க ஒரே பேச்சு, தெரிந்தே எடுத்தாராம், தெரிந்தே எடுத்தாராம் என்று. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாய். "தெரிஞ்சேவா எடுத்த?"

"ஆமா" என்றார்.

"உன் கை போயிருந்தா தெரியும் நைனா உனக்கு" என்றாய்.

நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி கையில் நின்றது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான், "நான்தான்டா எடுக்கச் சொன்னேன்" என்று. அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. அதைப் பிடித்துக்கொண்டேன். அவரே வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய? பார், இங்கேயும் எனக்குத் தோதான அர்த்தம்தான். அன்றிலிருந்து ஒன்பது வருஷம். நீ பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்பாய். அவர் கார் அதே ஸ்டேஷன் வாசலில் நிற்கும். நீ ஏறியதில்லை. அவர் கூப்பிட்டதும் இல்லை. அந்த வெள்ளைக் காரைத் தள்ளிவிட்டு இந்தக் காரை வாங்கிய பிறகு, மாசம் தவறாமல் தானே அடியில் படுத்துப் பைப்பைத் தடவிப் பார்க்கிறார். டிக்கியில் ஒரு மீன் செதில் பட விடமாட்டார். இதையெல்லாம் நீ பார்க்க வாய்ப்பில்லை, நீ வரும் நாளில் அவர் வெளியே போய்விடுவார்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். நீ போனில் பேசிய மறுநாள் காலையில் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கோவிந்தம்மா வீட்டுக்குப் போனேன். உன் நைனா அவள் வீட்டு வாசலுக்கு எத்தனையோ முறை போய் நின்றிருக்கிறார், அவள் ஒரு முறையும் முகம் கொடுத்ததில்லை. எதிரில் வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவாள். என்னிடம் மட்டும் பேசுவாள். "உன் தலையெழுத்து, இப்படி ஒரு ஆளு கூட வாழுற" என்று எனக்காக வருத்தப்படுவாள். ஒன்பது வருஷம் அந்த வருத்தத்தை நான் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று பத்திரிகையில் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். அவள் இடது கையை நீட்டி, "சோத்தாங்கையில வாங்க முடியல, தப்பா நெனைக்காத" என்றாள். என்னால் முடியவில்லை. அப்படியே அவள் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, மன்னிப்பாள் என்றும் நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது. அவள் பத்திரிகையை என் மடியில் திருப்பிப் போட்டாள்.

"இத்தினி வருசம் அந்த மனுசன் மூஞ்சியப் பாக்காம போனேன். வாசல்ல வந்து நிப்பாரு, நாய வெரட்டுறா மாதிரி வெரட்டுவேன். நீ பாத்துக்கினுதான இருந்த?"

"ஆமாக்கா."

"இப்ப இன்னாத்துக்கு வந்து சொல்ற? உனக்கு பேஜாரா இருக்குதுன்னா? உன் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மொதல்ல அவங்கிட்ட சொல்லு. அப்பறமா வந்து பத்திரிக வை. எழுந்து போ."

எழுந்து வந்தேன். பாலத்தில் நடந்து வரும்போது கால் நிற்கவே இல்லை, ஓட்டமும் நடையுமாக வந்தேன். அதற்கப்புறம் நேற்று முழுக்க இந்த நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாகப் போனது. இப்போது வாசலில் தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது, அவர் உள்ளே வருவாரோ என்று நோட்டை மடியில் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா என்று நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்ல முடியும். உனக்கு வரப்போகிறவள் நல்ல பெண், என்னைவிட நிதானமானவள் என்று பார்த்ததிலேயே தெரிகிறது. இருந்தாலும் ஒரு நாள் அவளோ நீயோ ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்லி, மற்றவர் மனசில்லாமல் செய்து, அது தப்பாக முடியும். அன்றைக்கு யார் சொன்னது என்பதை அன்றைக்கே சபையில் சொல்லிவிடுங்கள். உன் நைனா என்மேல் இருக்கிற பிரியத்தில்தான் என்னை மறைத்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அவர் மறைத்ததால் நான் ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டேன், உன்னை உன் அப்பாவிடமிருந்து பிரித்து வைத்துக்கொண்டே உனக்கு வக்கணையாகச் சமைத்துப் போடவும் பழகிவிட்டேன். நீ அவள் தப்பை மூடாதே. உன் தப்பை அவளை மூட விடாதே.

இதுவரைக்கும் வீட்டில் எழுதினேன். மிச்சத்தைப் பழவேற்காடு போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்த்துவிட வேண்டும். கவரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது உன் நைனா, "எங்க இந்த வெயில்ல? ஏறு, விடுறேன்" என்றார். ஏறினேன். பாலத்துக்கு வருவதற்குள் கேட்டுவிட்டார்.

"இன்னாமே எழுதின, ரெண்டு நாளா?"

"அன்னிக்கு நான்தான் உன்ன எடுக்க வெச்சேன்னு அவனுக்கு எழுதியிருக்கேன்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கிழிக்கச் சொல்வார் என்று கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நீ சொன்ன. இல்லன்னு சொல்லல," என்றார். "ஆனா சாவிய எடுத்துச் சொருவினது நானு. அந்தாளு தேச்சுக் காட்டுனது எனக்கு. உனக்கு இல்ல. முடியாதுன்னு ஒக்காந்திருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப? ரெண்டு நாள் பேசாம இருந்திருப்ப, அவ்வளவுதான். அன்னிக்கு நம்ம புள்ள கேட்டதுல தப்பு இல்ல. அதையும் எழுது." எழுதிவிட்டேன், அவர் சொன்னபடியே.

பாலம் இறங்கிய இடத்தில் கோவிந்தம்மா உட்கார்ந்து இடது கையால் யாருக்கோ இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் காரைப் பார்த்ததும் வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று எழுந்து வந்தாள். என் பக்கம் வரவில்லை, சுற்றிக்கொண்டு அவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். என் கையில் இருந்த கவரை மட்டும் ஒருமுறை பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு என்னால பஸ்ஸுல எல்லாம் நின்னுக்கினு வர முடியாது," என்றாள் அவரிடம். "நீதான் வந்து கூட்டிக்கினு போவணும். முன்னாடி சீட்டு எனக்கு."

அவர் கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன, தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இதோ, தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. நீ என்னிடம் பேசாமல் இருக்க நினைத்தால் இரு, நான் கேட்க மாட்டேன். கல்யாணத்தன்று நீ எந்த வண்டியில் வருவாய் என்றும் கேட்க மாட்டேன். முன்சீட்டில் கோவிந்தம்மா வருகிறாள். பின்சீட்டில் இடம் இருக்கிறது.

அம்மா